இறந்தவருக்கும் ஒரு மருத்துவர் வேண்டும்

ஓராண்டுக்கு முன், மார்கழிக் குளிர் எலும்பைத் துளைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில், நம் சங்கத்து நண்பர் ஒருவர் என் அறைக் கதவைத் தட்டினார். பல்கலைக் கழகத்துக்குப் பின்புறக் குடியிருப்பில் தமிழர் ஒருவர் இறந்துவிட்டாராம். உடல் பிணவறைக்குப் போய்விட்டதாம். ஊரிலிருந்து உறவினர் வந்து சேரும்வரை இந்தி பேசத் தெரிந்த ஒரு தமிழ் மாணவர் அங்கே இருக்க வேண்டுமாம். போனேன்.

இறந்தவர் விழுப்புரம் பக்கத்துக்காரர். உணவு விடுதி ஒன்றில் தோசை வார்ப்பவர். நாற்பது வயது இருக்கும். இரவுக் குளிர் தாங்காமல், இவ்வூரார் ‘அங்கீட்டி’ என்று அழைக்கும் கரிக் கணப்பை அறைக்குள் மூட்டி வைத்துக்கொண்டு, கதவையும் சன்னலையும் இறுக அடைத்துவிட்டுப் படுத்திருக்கிறார். காலையில் எழவில்லை. இவ்வளவையும் உடன் வேலை செய்த தோழர் பிணவறை வாயிலிலேயே எனக்குச் சொல்லிவிட்டார்.

உள்ளே ஒரே ஒரு மருத்துவர். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவராக இருக்கலாம். அன்றைக்கு அவர் முன்னால் மூன்று உடல்கள். காத்திருந்த நேரத்தில், “இந்த வேலையை எங்கே கற்றீர்கள்?” என்று பேச்சுவாக்கில் கேட்டேன். “பயிற்சி ஆண்டில் ஒரு வாரம்” என்றார். அந்த விடையில் கேலி இல்லை, வெட்கமும் இல்லை. களைப்புத்தான் இருந்தது.

இதயமும் மூச்சும் நின்றதால் மரணம் என்று சான்றிதழ் வந்தது. இரைப்பை, ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றின் துண்டுகள் சோதனைச் சாலைக்குச் சென்றன. சில மாதங்களுக்குப் பின், நஞ்சு எதுவும் இல்லை என்று விடை வந்தது. இறந்தவர் தம் வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்தி, பிரதம மந்திரி சுரட்சா பீமா திட்டத்தில் சேர்ந்திருந்தார். விபத்தால் மரணம் என்றால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். நோயால் மரணம் என்றால் அத்திட்டத்தில் ஒன்றுமில்லை. சான்றிதழில் விபத்து என்ற சொல் இல்லை. ஆகவே ஒன்றுமில்லை.

அவருடைய மனைவி தொலைபேசியில் என்னிடம் பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. “தம்பி, அவருக்கு என்னதான் ஆச்சு? நெஞ்சு வலின்னு ஒருநாளும் சொன்னதில்லையே” என்றுதான் கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் விடை இல்லை. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் கேள்வியே.

நான் வேதியியல் மாணவன். அடைத்த அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும் என்பது எனக்குத் தெரியும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், உயிர்வளியைப் பற்றுவதைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு இந்த வாயுவைப் பற்றிக்கொள்ளும். தூக்கத்திலேயே உயிர் போகும். இவ்வாறு இறந்தவர் உடலில் இரத்தம் இறங்கி உறையும் பகுதிகள் செக்கச் சிவந்து தோன்றும் என்று புத்தகங்கள் சொல்லும். ஆனால் நம்மவரின் கறுத்த தோலில் அந்தச் சிவப்பு எளிதில் புலப்படாது. நகக் கண்ணிலும் உதட்டின் உட்புறத்திலும் தேட வேண்டும். அதுமட்டுமா? கடுங்குளிரில் கிடந்த உடலிலும், குளிரறையில் வைத்த உடலிலும் இதே நிறம் தோன்றக்கூடும். ஆகையால் நிறத்தை மட்டும் நம்பி முடிவு கட்டலாகாது. இரத்தம் எடுத்துச் சோதிக்க வேண்டும். இறந்து பல நாள் ஆன பின்னும் இரத்தத்தில் இந்தச் சேர்மம் அழியாமல் சான்று பகரும்.

அன்று இரத்தம் எடுக்கப்படவில்லை. எடுக்காத இரத்தத்தைச் சோதனைச் சாலை எங்ஙனம் சோதிக்கும்? நஞ்சு இல்லை என்று அது சொன்னது பொய்யன்று. தேடாத ஒன்று கிடைக்கவில்லை, அவ்வளவே.

என் குற்றத்தையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். கணப்பைப் பற்றி வாயிலில் கேட்டறிந்த நான் உள்ளே சென்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். மருத்துவருக்குத் தெரியாததா என்று எண்ணி வாளாவிருந்துவிட்டேன். தெரிந்திருக்க வேண்டியது வேறு. தெரிந்துகொள்ள வாய்ப்புக் கிடைத்திருப்பது வேறு. அந்த வேற்றுமை அன்று எனக்கு விளங்கவில்லை.

நண்பர்களே! இது ஒரு தனிப்பட்ட மருத்துவரின் பிழை என்று நான் கருதவில்லை. நாடு அவரை எப்படி ஆயத்தம் செய்தது என்று பாருங்கள். எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கான ஓராண்டுக் கட்டாயச் சுழற்சிப் பயிற்சியை வரையறுக்கும் 2021-ஆம் ஆண்டு விதிகளில், சமுதாய மருத்துவத்துக்கு 12 வாரங்கள். மகப்பேற்று மருத்துவத்துக்கு 7 வாரங்கள். பொது மருத்துவத்துக்கும் அறுவை மருத்துவத்துக்கும் ஆறாறு வாரங்கள். சட்ட மருத்துவத்துக்கு ஒரே ஒரு வாரம். இந்த அளவு தவறு என்று நான் வாதாட வரவில்லை. உயிரோடு இருப்பவரைக் காக்கக் கற்பதே மருத்துவரின் முதற்கடமை. ஆனால் அந்த ஒரு வாரப் பயிற்சியைக் கைமுதலாகக் கொண்டு, ஒருவர் மாவட்ட, வட்ட மருத்துவமனைகளில் ஆண்டுக் கணக்கில் பிணப் பரிசோதனை செய்ய நேர்கிறதே, அதைத்தான் தவறு என்கிறேன். சட்ட மருத்துவத்தில் மூன்றாண்டு பயின்று எம்.டி. பட்டம் பெற்ற வல்லுநர்கள் பெரும்பாலும் மருத்துவக் கல்லூரிகளிலேயே இருக்கிறார்கள். மற்ற இடங்களில் அன்றைய முறைக்கு எவர் வந்தாரோ அவரே கத்தியை எடுக்கிறார்.

பல ஊர்களில் அதுவும் இல்லை. கத்தியை எடுப்பவர் பிணவறை உதவியாளர். மருத்துவர் சற்றுத் தள்ளி நின்று எழுதிக்கொள்கிறார். அந்த உதவியாளர் எந்தச் சமூகத்தில் பிறந்தவராக இருப்பார் என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டுமா? பிணத்தைத் தொடுவது இழிவு என்ற பழைய எண்ணம் வெள்ளை அங்கியின் உள்ளேயும் ஒளிந்துகொண்டிருக்கிறது. அந்த எண்ணத்தை விரட்டச் சொற்பொழிவு போதாது. தேர்ந்த ஆசிரியர் ஒருவர் தம் கையாலேயே உடலைத் திறந்து காட்டுவதை மாணவர் கண்ணால் காண வேண்டும்.

நம் காப்பியத்தை எண்ணிப் பாருங்கள். தீர விசாரியாமல் கோவலனைக் கொல்லச் சொன்னான் பாண்டியன். அவன் இறந்த பிறகு உண்மையை நிலைநாட்டியது எது? உடைத்துக் காட்டிய சிலம்பு. அரசியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். வாய்ச்சொல் அன்று, கண்முன் தெறித்த பரல். இன்றைக்கு ஐயத்துக்குரிய ஒவ்வொரு மரணத்திலும் அந்தச் சிலம்பு உடலுக்குள்ளேயே இருக்கிறது. அதைத் திறந்து பார்த்து, உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று சொல்ல வல்லவர் வேண்டாமா?

இத்துறைக்கும் தமிழ் நாட்டுக்கும் உள்ள உறவு பழையது. இந்தியாவில் சட்டத்தின் பொருட்டு நடந்த முதல் பிணப் பரிசோதனையாகப் பாடநூல்கள் குறிப்பிடுவது 1693-ஆம் ஆண்டு சென்னையில் எட்வர்டு பல்க்லி என்னும் கும்பினி மருத்துவர் செய்த பரிசோதனையையே. 1952-இல் நாட்டையே உலுக்கிய ஆளவந்தார் கொலை வழக்கை நம் தாத்தாமார் இன்றும் கதையாகச் சொல்வார்கள். தலையில்லாத உடல் இரயில் பெட்டியில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் கிடைத்தது. தலை இராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. இரண்டும் ஒருவருடையவையே என்று உறுதி செய்தவர்கள் சென்னை மருத்துவக் கல்லூரியின் வல்லுநர்கள். வழக்கு மன்றத்தில் அந்தச் சான்று நின்றது. அறிவு நம்மிடம் இல்லாமல் இல்லை. அது தலைநகரத்துக் கல்லூரிகளைத் தாண்டி மாவட்டத்துப் பிணவறைக்குப் போய்ச் சேரவில்லை என்பதே குறை.

அரசு இத்துறையை அடியோடு மறந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. 2020-இல் தேசியத் தடய அறிவியல் பல்கலைக் கழகத்துக்குத் தனிச் சட்டம் வந்தது. 2024 ஜூன் மாதத்தில், தடய அறிவியல் கட்டமைப்பைப் பெருக்குவதற்காக ஐந்தாண்டுகளுக்கு 2,254.43 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. புதிய வளாகங்கள், புதிய மத்தியச் சோதனைச் சாலைகள் என்று அத்திட்டம் விரிகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்ற நடைமுறைச் சட்டமும், ஏழாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் நிகழ்விடத்துக்குச் செல்ல வேண்டும் என்கிறது. சோதனைச் சாலையில் வேலை தேடப் போகும் என் போன்றவர்களுக்கு இவையெல்லாம் மகிழ்ச்சியான செய்திகளே.

ஆனால் எண்ணிப் பாருங்கள். சோதனைச் சாலை என்பது ஆற்றின் கீழ்க்கோடி. ஊற்று பிணவறையில் இருக்கிறது. நஞ்சு ஐயம் உள்ள உடலின் உறுப்புகளைப் பூரித உப்புக் கரைசலில் இட்டு அனுப்ப வேண்டும். திசுவை நுண்ணோக்கியில் பார்ப்பதற்கு உதவும் பார்மலினை இதற்கும் ஊற்றிவிட்டால், நஞ்சைப் பிரித்தெடுப்பது கடினமாகிவிடும். இரத்தத்தைச் சோடியம் புளோரைடு சேர்த்துக் காக்க வேண்டும். சாராய ஐயம் உள்ள இடத்தில் எரிசாராயத்தில் உறுப்பை இட்டு அனுப்பினால் சோதனையே நகைப்புக்கு இடமாகும். பல கோடி ரூபாய்க் கருவியாலும் தவறான புட்டியில் வந்த துண்டைத் திருத்த முடியாது. கீழ்க்கோடியில் அணை கட்ட 2,254 கோடி இருக்கிறது. ஊற்றைத் தூர் வாரச் சிறு தொகை கூடவா இல்லை?

தேசிய மனித உரிமை ஆணையம், காவலில் நிகழும் மரணங்களில் பிணப் பரிசோதனையைப் படம் பிடிக்க வேண்டும் என்று 1995-இல் மாநிலங்களுக்கு எழுதியது. 1997-இல் மாதிரிப் படிவமும் வகுத்துத் தந்தது. தக்க வசதி உள்ள மருத்துவமனைகளில் கதிரவன் மறைந்த பின்னும் பரிசோதனை செய்யலாம் என்று 2021 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. கேமரா வந்தது, படிவம் வந்தது, விளக்கு வந்தது. விளக்கின் கீழே நிற்கும் மனிதருக்குப் பயிற்சி வந்ததா?

நான் வேண்டுவது பெரிய புரட்சி அன்று. இத்துறையில் நாட்டமுள்ள மருத்துவருக்குச் சுழற்சிப் பயிற்சி தரவும், அந்தப் பயிற்சிக்கான செலவை அரசே ஏற்கவும் ஒரு திட்டம் வேண்டும். அதை இரண்டு படியாகக் காண்கிறேன்.

முதற்படி மாணவருக்கு. பயிற்சி ஆண்டில் விருப்பப் பிரிவுகளுக்கென்று 4 வாரங்கள் உண்டு. அந்த நான்கு வாரங்களையும் பெரிய சட்ட மருத்துவத் துறை ஒன்றில் கழிக்க விரும்பும் இளைஞருக்குப் பயணச் செலவும் தங்கும் செலவும் தர வேண்டும். சிற்றூர்க் கல்லூரியில் பயிலும் ஏழை மாணவர் ஆசை இருந்தும் அயலூர் சென்று ஒரு மாதம் தங்க முடியாமல் நின்றுவிடுகிறார். விதை முளைக்கும் பருவம் அது. அப்போது தண்ணீர் ஊற்றாமல், எம்.டி. இடங்களுக்கு ஆள் வரவில்லையே என்று பிறகு வருந்திப் பயன் என்ன?

இரண்டாம் படி, ஏற்கெனவே மாவட்ட மருத்துவமனைகளில் இந்தப் பணியைச் சுமந்து நிற்பவர்களுக்கு. அவர்களில் விருப்பமுள்ளவரை முழுச் சம்பளத்தோடு மூன்று மாதம் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும். அவர் இல்லாத காலத்துக்கு வேறொரு மருத்துவரை அமர்த்தும் செலவையும் சேர்த்தே தர வேண்டும். இல்லையேல் எந்த மருத்துவமனைத் தலைவரும் அவரை விட மாட்டார். மூன்று மாதங்களில் ஒரு பகுதி பிணவறையில். ஒரு பகுதி காவல் துறையினரோடு மரணம் நிகழ்ந்த இடத்தில். ஒரு பகுதி நஞ்சுச் சோதனைச் சாலையில். ஒரு பகுதி மூத்த பேராசிரியரோடு வழக்கு மன்றத்தில். தோசைக்காரரின் அறையில் கணப்பைக் கண்ணால் கண்ட மருத்துவர் இரத்தம் எடுக்க மறந்திருப்பாரா?

இது நடவாத காரியம் என்று எவரும் சொல்ல வேண்டாம். பட்ட மேற்படிப்பு மருத்துவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணி செய்ய வேண்டும் என்ற மாவட்ட உறைவிடப் பயிற்சித் திட்டம் 2020-இல் விதியாக்கப்பட்டது. கல்லூரியிலிருந்து மாவட்டத்துக்கு மூன்று மாதம் போகப் பாதை இருக்கிறது. மாவட்டத்திலிருந்து கல்லூரிக்கு மூன்று மாதம் வர அதே பாதையைத் திறந்துவிடக் கேட்கிறேன்.

செலவைக் கணக்கிட்டுப் பார்த்தேன். மாற்று மருத்துவருக்குச் சம்பளம், பயணம், தங்குமிடம் எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 3 லட்சம் ரூபாய் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். நாட்டில் ஏறத்தாழ 780 மாவட்டங்கள். மாவட்டத்துக்கு ஆண்டுக்கு ஒருவர் என்றால் ஆண்டுக்கு 23 கோடியே 40 லட்சம். ஐந்தாண்டுக்கு 117 கோடி. மேலே சொன்ன 2,254 கோடியில் இது நூற்றுக்கு ஐந்து பங்குதான். ஐந்தாண்டு முடிவில் ஒவ்வொரு மாவட்டத்திலும் பயிற்சி பெற்றவர் ஐவர் இருப்பர்.

இதற்கு எழும் மறுப்புகளை நான் அறிவேன். உயிரோடு இருப்பவருக்கே மருத்துவர் பற்றாத நாட்டில் இறந்தவருக்கு எதற்கு என்பார் சிலர். இறந்தவருக்கு இனி ஒன்றும் தேவையில்லை, மெய்தான். ஆனால் கணப்பால் ஒருவர் மாண்டார் என்று ஊர் அறிந்தால், அடுத்த குளிர்காலத்தில் இன்னொருவர் சன்னலைத் திறந்து வைப்பார். மணமாகி ஏழாண்டுக்குள் இறந்த பெண்ணின் உடலில் காயத்தைக் கண்டு எழுதினால், இன்னொரு வீட்டில் ஒரு மாமியார் அஞ்சுவார். காவல் நிலையத்தில் மாண்டவன் முதுகில் உள்ள கன்றிய தழும்பைச் சரியாகக் குறித்தால், இன்னொருவன் அடி வாங்காமல் வீடு திரும்புவான். இறந்தவரைச் சோதிப்பது உயிரோடு இருப்பவர் பொருட்டே.

பணம் கொடுத்தாலும் இத்துறைக்கு மருத்துவர் வருவாரா என்பார் வேறு சிலர். இது வலிமையான மறுப்பு. தனித் தொழில் வருவாய் இல்லை, நாற்றம் உண்டு, வழக்கு மன்றப் படிக்கட்டில் காத்துக் கிடக்கும் நாட்கள் உண்டு. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலேயே முழு நேரமாக இத்தொழில் செய்பவர் ஏறத்தாழ 750 பேர்தாம் என்றும், அது போதாது என்றும் அந்நாட்டார் கவலைப்படுகிறார்கள். ஆனால் அவர்கள் கவலையோடு நிற்கவில்லை. 2017 முதல் அந்நாட்டு நீதித் துறை, இத்துறையில் சிறப்புப் பயிற்சி பெறும் மருத்துவருக்கென்றே மானியம் தந்து வருகிறது. ஒருவர் ஆண்டுக்கு 250 உடல்களுக்கு மேல் பரிசோதிக்காமல் இருப்பதே நன்று என்று அங்குள்ள மருத்துவர் சங்கம் பரிந்துரையும் செய்திருக்கிறது. பணத்தால் நாட்டத்தை வாங்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். இருக்கும் நாட்டம் பணமின்மையால் கருகாமல் காக்க முடியும்.

கருவி இருக்கக் கத்தி எதற்கு என்பார் மூன்றாமவர். தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் 2021 முதல், உடலைத் திறவாமல் ஊடுகதிர்ப் படத்தால் சோதிக்கும் முறை நடைபெறுகிறது. எலும்பு முறிவைக் காட்டும், தோட்டாவைக் காட்டும். நஞ்சைக் காட்டாது. படத்தைப் பார்த்துப் பொருள் சொல்லவும் பயின்ற கண் வேண்டும்.

மூன்று மாதப் பயிற்சி ஒருவரை வல்லுநர் ஆக்கிவிடாது என்பதும் உண்மையே. ஆனால் எது தமக்குத் தெரியாது என்பதை அவர் அறிந்துகொள்வார். ஐயம் எழும்போது யாரைக் கேட்க வேண்டும் என்றும் அறிவார். அன்றைக்கு அந்த இளைஞரிடம் ஒரு பேராசிரியரின் தொலைபேசி எண் இருந்திருந்தால் போதுமே!

நாம் என்ன செய்யலாம்? நம் சங்கத்தில் மருத்துவ மாணவர் இருக்கிறார்கள். சட்ட மாணவர் இருக்கிறார்கள். என்னைப் போன்ற அறிவியல் மாணவரும் இருக்கிறோம். மூவரும் கூடி, இந்தக் கோரிக்கையை ஒரு விண்ணப்பமாக எழுதி, சுகாதார அமைச்சகத்துக்கும் தேசிய மருத்துவ ஆணையத்துக்கும் அனுப்புவோம். அடுத்த பொதுக் குழுவில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். அதுவரை இன்னொன்றும் செய்யலாம். இந்நகரில் பிழைக்க வந்த தமிழர் எவரேனும் இறந்தால், பிணவறைக்கு மொழி தெரிந்த இருவர் செல்வதென்று ஒரு முறை வகுப்போம். அங்கே வாய் மூடி நிற்க வேண்டாம். இறந்தவர் எங்கே படுத்திருந்தார், பக்கத்தில் என்ன எரிந்தது, என்ன உண்டார் என்று அறிந்ததை எல்லாம் மருத்துவரிடம் சொல்லுவோம். நான் அன்று செய்யத் தவறியதை நீங்களாவது செய்யுங்கள்.

விழுப்புரம் பக்கத்துச் சிற்றூரில் ஒரு தாய் தன் பிள்ளைகளுக்கு என்ன விடை சொல்லி வளர்க்கிறாளோ, நான் அறியேன். இந்த நாட்டில் இனி ஒரு பெண் அதே கேள்வியைக் கேட்டு விடையின்றி நிற்கலாகாது. அதற்கு ஆகும் செலவு, கணக்கிட்டுக் காட்டிவிட்டேன், மிகச் சிறிது.